எந்த அறைக்கு எவ்வளவு மினுமினுப்பு? குமரி வீடுகளுக்கான பெயின்ட் கணக்கு

வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதென்று முடிவானால் நிறத்துக்குத்தான் பஞ்சாயத்து நடக்கும். ஷேடு கார்டை விரித்து வைத்துக்கொண்டு, ஹாலுக்கு இளமஞ்சளா வெள்ளையா என்று வீடே இரண்டு கட்சியாகப் பிரியும். ஃபினிஷ், அதாவது காய்ந்த சுவர் எவ்வளவு மினுங்கும் என்பது பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கடைசியில் பெயின்டரிடம், “நல்லா மினுங்கணும் அண்ணே, அழுக்குப் பட்டா துடைக்கிற மாதிரி இருக்கணும்” என்று ஒரு வார்த்தை சொல்வதோடு சரி. அவரும் தலையாட்டிவிட்டு, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். பிடிக்காத நிறம்கூட நாளாக ஆகக் கண்ணுக்குப் பழகிவிடும். ஃபினிஷ் தவறினால் பழகாது. அடுத்த ஆடிச் சாரலிலேயே சுவர் பொரிந்து காட்டிக் கொடுத்துவிடும்.

மேட், சாட்டின், செமி கிளாஸி, கிளாஸி என்று டின்னில் எழுதியிருப்பதெல்லாம் ஒரே அளவுகோலின் வெவ்வேறு புள்ளிகள்தான். சுவரில் விழும் வெளிச்சத்தில் எவ்வளவு நேராகத் திரும்பி வருகிறது, எவ்வளவு நாலாபக்கமும் சிதறிப்போகிறது என்பதே கணக்கு. இதை அளக்கக் கருவி இருக்கிறது. 60 டிகிரி கோணத்தில் ஒளியைப் பாய்ச்சுவார்கள். மெருகேற்றிய கறுப்புக் கண்ணாடி திருப்பித் தரும் ஒளியை 100 என்று வைத்துக்கொண்டு பெயின்டுக்கு மதிப்பெண் போடுவார்கள். தோராயமாகச் சொன்னால் 10க்குக் கீழே வருவது மேட். 10 முதல் 35 வரை சாட்டின், சாஃப்ட் ஷீன் வகைகள். 70 வரை செமி கிளாஸி. அதற்கு மேலே போனால் கிளாஸி. ஆனால் பெயர் வைப்பதில் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். ஒருவரின் சாஃப்ட் ஷீன் இன்னொருவரின் சாட்டினைவிட மினுங்கக்கூடும். அதனால் பெயரை நம்பாமல், கம்பெனி வெளியிடும் தயாரிப்பு விவரத் தாளில் இந்த எண் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

மினுமினுப்பு எங்கிருந்து வருகிறது? பெயின்டில் தூளும் பசையும் இருக்கின்றன. தூள் என்பது நிறமியும், அதோடு சேர்க்கும் சுண்ணக்கட்டித் தூள், களிமண் போன்ற நிரப்பிகளும். பசை என்பது அக்ரிலிக் போன்ற பிசின். அதுதான் தூளைச் சுவரோடு பிடித்து வைக்கிறது. புட்டுக்கு விரவிய மாவு உதிரி உதிரியாக, இடையிடையே காற்றோடு இருக்கும். அதே மாவில் வெந்நீர் கூட்டி இடியாப்பத்துக்குப் பிசைந்தால் வழவழவென்று ஒன்றாகிவிடும். மேட் பெயின்ட் முதல் ரகம். தூள் அதிகம், பசை குறைவு. காய்ந்த பிறகு மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களும் நுண்துளைகளும் நிற்கும். வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும். கிளாஸியில் பசை அதிகம் என்பதால் தூள் முழுக அமிழ்ந்து, மேலே வழுவழுப்பான படலம் உருவாகும். அறையறையாகச் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வேறுபாடுதான் காரணம்.

இந்தத் தூள் விஷயத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே ஒரு பங்கு உண்டு. இன்றைய பெயின்டுக்கு வெண்மையும் மறைக்கும் திறனும் தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அது கிடைப்பது இல்மனைட், ரூட்டைல் என்ற தாதுக்களிலிருந்து. இரண்டுமே மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கின்றன. இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற தாது இருப்பதை ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர் 1909ல் கண்டுபிடித்ததிலிருந்து அந்த மணலின் கதை தொடங்குகிறது. இப்போது மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது. திருவனந்தபுரத்தில் 1946ல் தொடங்கிய டிராவன்கூர் டைட்டானியம் ஆலை இல்மனைட்டிலிருந்து வெள்ளை நிறமி தயாரிக்கிறது. கறுப்பாகக் கிடக்கும் மணலிலிருந்து வீட்டுச் சுவரின் வெள்ளை வருகிறது என்பதை இன்னும் எனக்கு நம்பச் சிரமமாகத்தான் இருக்கிறது.

டைட்டானியம் டை ஆக்சைடு விலை கூடிய சரக்கு. பசையும் அப்படித்தான். ஆகவே தண்ணீரில் கரைக்கும் சுவர்ப் பெயின்டான எமல்ஷனில், விலை குறைந்த ரகம் என்றால் இரண்டையும் குறைத்து, சுண்ணக்கட்டித் தூளை ஏற்றிவிடுவார்கள். அந்தப் பெயின்ட் இயல்பாகவே மங்கலாக, மேட்டாகத்தான் காயும். விலை கூடக் கூடப் பசை கூடும், மினுமினுப்பும் கூடும். டிஸ்டெம்பரிலிருந்து சாதா எமல்ஷன், பிரீமியம், லக்சுரி என்று ஏறிப் பழகிய நம் ஜனங்களுக்கு ‘மினுங்கினால் உயர்ந்த ரகம்’ என்று மனதில் பதிந்துவிட்டது. அது பாதிதான் உண்மை. நல்ல பிசினும் தேர்ந்த நிரப்பியும் போட்டு, துடைத்தாலும் தாங்கும் விலை கூடிய மேட் பெயின்டுகள் இப்போது கிடைக்கின்றன. அதேபோல, கதவுக்கும் கிரிலுக்கும் அடிக்கும் எனாமலில், மினுங்கும் மலிவு ரகமும் கிடைக்கிறது. எவ்வளவு மினுங்க வேண்டும், எந்தத் தரத்தில் வாங்க வேண்டும் என்பவை தனித்தனிக் கேள்விகள். கடையில் இரண்டையும் தனித்தனியாகவே கேட்க வேண்டும்.

மழை குறைந்த ஊர்களுக்கு எழுதிய பெயின்ட் ஆலோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சரிவராது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையிலும் நனையும் மாவட்டம் இது. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் நிழலில் இருக்கும் வீடுகளின் பின்சுவருக்கு மாதக்கணக்கில் வெயில் படாது. குளச்சல், முட்டம் கரையில் காற்றிலேயே உப்பு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனால் காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அதே காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து சுவரில் அறையும். இதற்கு மேல் நாம் வேறு, மழை விடாத நாட்களில் ஹாலிலும் மாடிப்படியிலும் கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம். துணியிலிருந்து போகும் ஈரமெல்லாம் அறைக்குள் சுற்றிவிட்டுச் சுவரில்தான் போய்ச் சேரும்.

ஈரம் சுவருக்குள் போவது ஒரு பிரச்சினை; வெளியே வர வழியில்லாமல் போவது அதைவிடப் பெரியது. அஸ்திவாரத்திலிருந்து ஏறும் ஈரமும், கான்கிரீட் வார்ப்பில் கசியும் தண்ணீரும், சாரலடித்து உறிஞ்சிய மழையும் எப்படியாவது ஆவியாகி வெளியேறப் பார்க்கும். மேட் படலத்தில் அந்த ஆவி ஓரளவு கசிந்து போய்விடும். எனாமல் போன்ற மூடிய படலம் வழிவிடாது; உள்ளே அழுத்தம் கூடிக் கொப்புளம் எழும்பும், பிறகு தகடு தகடாக உரியும். எனவே, பின்னாலிருந்து நனையும் சுவருக்கு மினுமினுப்பைக் குறைக்க வேண்டும். முன்னாலிருந்து அழுக்காகும் சுவருக்குக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே சுவரில் வந்து சேர்ந்தால், முதலில் ஈரத்தை அடைக்க வேண்டும், பிறகுதான் பெயின்ட். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். கசியும் சுவரில் எனாமல் அடித்தால் கசிவு நிற்கும் என்று நினைத்து அடிப்பார்கள். கசிவு நிற்காது, சில மாதம் மறைந்திருக்கும்.

ஈரம் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி, மறுநாள் எடுத்துப் பாருங்கள். தாளின் உட்பக்கம் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. பழைய டிஸ்டெம்பர் சுவராக இருந்தால் அதுவும் வேண்டாம், கண்ணே போதும்; நனைந்த இடம் கறுத்துத் தெரியும். நுண்துளைகளில் காற்று இருக்கும்வரை வெளிச்சம் சிதறிச் சுவர் வெளுப்பாக இருக்கும். அதே துளையில் தண்ணீர் புகுந்தால் சிதறல் குறைந்து நிறம் இறங்கிவிடும். சுண்ணாம்பு அடிக்கும்போது ஈரத்தில் ஒன்றும் தெரியாமல் இருந்து, காயக் காய வெள்ளை மேலே வருவதும் இதனால்தான். மேட் சுவர் இப்படி ஈரத்தைக் காட்டிக் கொடுப்பதைக் குறை என்று சொல்வார்கள். எனக்கென்னவோ அது நல்ல குணமாகத்தான் படுகிறது.

இனி அறைகளுக்கு வருவோம். அதிகம் யோசிக்க வேண்டிய இடம் அடுக்களை.

குமரி அடுக்களைச் சுவரில் ஏறுவது பெரும்பாலும் தேங்காய் எண்ணெய்தான். நெத்திலி பொரித்தாலும், ஏத்தங்காய் சிப்ஸ் போட்டாலும், தாளிப்பு என்றாலும் அதுதான். தேங்காய் எண்ணெய் காற்றுப்பட்டு இறுகும் எண்ணெய் அல்ல. சூரியகாந்தி எண்ணெய்ப் பிசுக்கு நாளடைவில் மஞ்சளாக, கோந்து மாதிரி கெட்டிப்பட்டுவிடும். தேங்காய் எண்ணெய் இளக்கமாகவே இருந்துகொண்டு தூசியைப் பிடித்து வைக்கும். மூடிய படலமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணி அதை எடுத்துவிடும். மலிவு எமல்ஷனோ டிஸ்டெம்பரோ என்றால் எண்ணெய் துளைக்குள் இறங்கிவிடும். தேய்த்தால் எண்ணெயோடு பெயின்டும் துணியில் வரும். அதன்மேல் புதுப் பெயின்ட் அடித்தாலும் எண்ணெய் இருக்கும் இடத்தில் மட்டும் பிடிக்காமல் விலகி, கண் கண்ணாக நிற்கும். எனவே பழைய அடுக்களைக்கு மறுபடி அடிக்கும்போது முதல் வேலை சோப்புத்தூளோ வாஷிங் சோடாவோ கலந்த வெந்நீரில் கழுவுவது. அடுத்து நல்ல தண்ணீரில் அலசி, காயவிட்டு, பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமர்.

ஃபினிஷ் என்று பார்த்தால் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் டைல்சுக்கு மேலே உள்ள பட்டைக்கும், மேடையை ஒட்டிய சுவர்களுக்கும் சாட்டினுக்குக் கீழே போகக் கூடாது. செமி கிளாஸி இன்னும் வசதி. அதற்காகச் சுவர் முழுக்க ஆயில் எனாமல் அடிக்கும் பழைய வழக்கத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். வெளிச்சம் குறைந்த இடத்தில் ஆயில் எனாமல் வெள்ளை மஞ்சளாகப் போகும். அலமாரிக்கு உட்புறம், கதவுக்குப் பின்பக்கம் பார்த்தால் தெரியும். தண்ணீரில் கரைக்கும் எனாமல் இப்போது கிடைக்கிறது, அது அவ்வளவாக மஞ்சளிக்காது, டர்பண்டைன் நெடியும் கிடையாது. மஞ்சள்தூள் கறை தனிக் கதை. வெயில் பட்டால் தானாக வெளிறிப்போகும் கறை அது. அடுக்களைச் சுவரில் வெயில் எங்கே படப்போகிறது? அம்மி, மிக்சி இருக்கும் மூலைக்கு டைல்ஸ்தான் வழி.

பின்பக்கம் இன்னொரு அடுக்களை, விறகடுப்போடு, பல வீடுகளில் உண்டு. சிரட்டையும் தேங்காய் நாருரியான கதம்பையும் ரப்பர் விறகும் எரிகிற அந்த இடத்தில் எந்த ஃபினிஷும் ஜெயிக்காது. புகையோடு வரும் தார் எமல்ஷன் வழியாக ஊறிப் பழுப்பாக மேலே வந்துவிடும். அங்கே லக்சுரி எமல்ஷனுக்குச் செலவழிப்பது வீண். வருஷத்துக்கு ஒருதரம் சுண்ணாம்பு, அவ்வளவுதான்.

ஹாலில் கணக்கு வேறு. அங்கே முடிவு செய்வது வெளிச்சம். பெரிய ஜன்னலுக்குப் பக்கவாட்டில் இருக்கும் சுவரில் காலை வெயில் உரசினாற்போல் விழும். அந்த உரசல் வெளிச்சத்தில் கொத்தனாரின் மட்டக்கட்டை விட்டுப்போன அலைகளும், சுவரை மட்டமாக்கப் பூசும் பட்டியைப் போட்ட தகட்டின் கோடுகளும் நிழல் பிடித்து எழுந்து நிற்கும். மினுமினுப்பு கூடினால் அவை இரட்டிப்பாகத் தெரியும். மேலே ஃபால்ஸ் சீலிங் போட்டு, ஓரத்தில் எல்.இ.டி. பட்டை ஒளித்து வைக்கும் புது வீடுகளில் இரவிலும் இதே தொல்லை. பட்டி வேலை முடிந்ததும், பிரைமருக்கு முன்னால், ராத்திரி லைட்டை அணைத்துவிட்டுச் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மேடு பள்ளமெல்லாம் தெரியும். பென்சிலால் வட்டம் போட்டு வைத்தால் காலையில் பெயின்டர் உப்புத்தாள் போட வசதி. பட்டியில் குறை நிறைய இருந்து, மறுபடி பார்க்கக் காசும் நேரமும் இல்லையென்றால் மேட்தான் துணை. சுவர் நேர்த்தியாக இருந்தால் சாஃப்ட் ஷீன் போகலாம். கிளாஸி, ஹாலுக்கு எப்போதுமே வேண்டாம். டியூப்லைட்டும் டி.வி.யும் சுவரில் இன்னொரு தடவை தெரியும்.

மேட் அடித்தால் குழந்தைகள் கைபட்டு அழுக்காகாதா? ஆகும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்க்கும் ஊரில், நாற்காலி போட்டுச் சாயும் இடத்தில் தலையளவுக்கு ஒரு வட்டம் விழுந்தே தீரும். சுவிட்ச் போர்டைச் சுற்றி விரல் கறை. மேட் சுவரில் அதை அழுத்தித் தேய்த்தால் கறை போகும், ஆனால் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரியும். மேற்பரப்பின் நுண்மேடுகள் மழுங்கிவிடுவதுதான் காரணம். இதற்கு மேட் பெயின்டிடம் ஒரு பதில் இருக்கிறது: ஒட்டு வேலை. மிச்சம் வைத்த பெயின்டை அந்த இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் காய்ந்த பிறகு சேர்ந்துபோய்விடும். சாட்டினிலும் கிளாஸியிலும் அது நடக்காது. ஒட்டுப்போட்டது ஒட்டுப்போட்டதாகவே தெரியும், மூலையிலிருந்து மூலைவரை முழுச் சுவரையும் அடிக்க வேண்டிவரும். துடைத்துத் துடைத்து வாழப் போகிறீர்களா, தொட்டுத் தொட்டு அடிக்கப் போகிறீர்களா என்று கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதலாவது. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் இரண்டாவது போதும்.

படுக்கையறைக்கு மேட், கட்டில் தலைமாட்டுச் சுவருக்கு மட்டும் துடைக்கக்கூடிய ரகம். வேறு யோசனை தேவையில்லை. பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விட்டால், பின்னால் பூசணம் பிடிப்பது குறையும். அது பெயின்டைவிட முக்கியம்.

பாத்ரூமில் ஏழடி வரை டைல்ஸ் போட்டிருப்போம். மிச்சம் ஒரு பட்டையும் மேற்கூரையும்தான். அந்தப் பட்டைக்கு செமி கிளாஸி, அல்லது பூசணத் தடுப்பு என்று குறிப்பிட்ட சாட்டின். தண்ணீர் தெறிப்பதும் ஆவி படிவதும் முன்னாலிருந்து வருவதால் இங்கே மினுமினுப்பு கூடலாம். ஆனால் பெயின்ட் பூசணத்தைத் தடுத்துவிடும் என்று நம்பி வென்டிலேட்டரைக் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டால் எந்த டின்னும் காப்பாற்றாது. பூசணம் வாழத் தேவை ஈரம். அதோடு சோப்பு, எண்ணெய்ப் படிவு இருந்தால் போதும், கிளாஸி மேலேயும் வளரும். கிளாஸியில் துடைத்தால் போகும், மேட்டில் வேர் இறங்கும், அதுதான் வித்தியாசம். கறுப்புப் புள்ளிகள் இருக்கும் சுவரில் மறுபெயின்ட் அடிக்கும் முன் ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, கால் மணி நேரம் விட்டுக் கழுவ வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டை அதோடு சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு நெஞ்சை அடைத்துவிடும். புதுப் பெயின்ட் அடித்த பாத்ரூமில் உடனே குளிக்கத் தொடங்கினால் சுவரில் பழுப்பாக, பிசுபிசுப்பாகக் கோடு வழியும். பெயின்ட் கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். முழுக்கக் காயாத எமல்ஷனில் இருந்து அதன் சோப்புப் பொருள் வெளிவருகிறது, அவ்வளவுதான். தண்ணீர் விட்டுத் துடைத்தால் போய்விடும்.

பூஜையறை, மாதா படம் வைத்த மூலை, குத்துவிளக்கு ஏற்றும் இடம் எதுவானாலும் கரி ஏறும். விளக்குக்குப் பின்னால் உள்ள சுவருக்கு மட்டும் சாட்டின் அல்லது செமி கிளாஸி அடித்தால் வாரம் ஒருமுறை துடைக்கலாம். உலர்ந்த துணியால் முதலில் தட்டி எடுத்துவிட்டுப் பிறகு ஈரத்துணி. நேராக ஈரத்துணியை வைத்தால் கரி பரவிவிடும்.

மேற்கூரைக்கு மேட் தவிர வேறு எதையும் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கைபடாத இடம், துடைக்க வேண்டியதில்லை. மினுங்கினால் வார்ப்பின் பலகைத் தடமெல்லாம் தெரியும். டெரசுக்குக் கீழ் இருக்கும் அறை என்றால் கசிவு எப்போது வேண்டுமானாலும் வரலாம், அப்போது ஆவி போகவும் வழி வேண்டும்.

கதவு, ஜன்னல், கிரில் ஆகியவைதான் கிளாஸிக்கு உரிய இடம். நாளெல்லாம் கைபடுவது, மழையில் நனைவது, துடைக்க வேண்டியது எல்லாம் இங்கேதான். கடற்கரை ஊர்களில் கிரிலைப் பொறுத்தவரை மேல் கோட்டைவிட அடி கோட்டே ஆயுளைத் தீர்மானிக்கும். துருவைச் சுரண்டி, உப்புப் படிவைக் குழாய்த் தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, துரு தடுக்கும் பிரைமர் அடித்து, அதன்மேல் எனாமல். உப்பைக் கழுவாமல் அடித்தால் படலத்துக்குக் கீழே அது ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு வருஷத்தில் துரு கொப்புளித்து மேலே வரும். அயனியிலும் பலாவிலும் செய்த பழைய கதவுகளுக்கு எனாமல் அடித்து மரத்தை மறைப்பது என் கண்ணுக்கு அநியாயம், பாலிஷ் போட்டு விடலாம். ஆனால் மழை அடிக்கும் வாசல் கதவுக்கு மெலமைன் பாலிஷ் நிற்காது. வெளிப்புறத்துக்கான பி.யு. (பாலியூரித்தேன்) ரகம் வேண்டும்.

பழைய ஜன்னல்களில் ஒரு எச்சரிக்கை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) அளவைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு 2016ல் விதி போட்டது, 2017 நவம்பரில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய எனாமலில், குறிப்பாக மஞ்சள், பச்சை, சிவப்பு நிறங்களில், ஈயம் இருந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட ஜன்னலை உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூள் பறக்க விடாமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அன்று அந்தப் பக்கம் விடாதீர்கள்.

வெளிச்சுவருக்கு வெளிப்புற எமல்ஷன் என்று தனியாகவே இருக்கிறது. உள்ளே அடித்து மிஞ்சியதை வெளியே அடிக்கும் சிக்கனம் ஒரு மழைக்குத் தாங்காது. புழுதி அடிக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கம் கொஞ்சம் ஷீன் உள்ள ரகம் நல்லது, தூசி ஒட்டாமல் மழையில் கழுவிக்கொண்டு போகும். ஆனால் அங்கே பலத்த காற்றில் அடித்தால் ரோலர் விட்ட இடமும் தொட்ட இடமும் ஒன்றுசேரும் முன்பே காய்ந்து, பட்டை பட்டையாகத் தெரியும். ரப்பர் தோட்டத்து வீடுகளில் எந்த ஃபினிஷ் அடித்தாலும் பாசி வரும். பாசித் தடுப்பு மருந்து மழையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிற சமாச்சாரம். சுவரை உரசும் கிளையை வெட்டுவது அதைவிட நீண்ட நாள் பலன் தரும். வெளிச்சுவருக்குப் பட்டி போடுவதானால் வெள்ளை சிமென்ட் பட்டி மட்டும். அக்ரிலிக் பட்டி உள்வேலைக்கானது, நனைந்தால் இளகிவிடும்.

வெட்டுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டிய பழைய ஓட்டு வீடுகளை மேலே சொன்ன எதிலும் சேர்க்க முடியாது. அந்தச் சுவர்கள் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி வெயில் காலத்தில் விடுகிறவை. தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் கண்ணாடி மாதிரி மினுங்கும் அந்தக் கறுப்புத் தரையைப் பற்றித்தான் பேசுவார்கள். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்தது என்று சொல்வது வழக்கம். சுற்றியிருக்கும் வெள்ளைச் சுவர்களை யாரும் கவனிப்பதில்லை. மினுக்கம் காலில் படும் தரைக்கு, சுவருக்கு வெறும் சுண்ணாம்பு. அது அக்காலத்து வசதிக்குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு கல்லாக இறுகும், ஆவியை விடும், அதன் காரத்தன்மை பூசணத்தையும் அண்டவிடாது. இப்படிப்பட்ட தாத்தா காலத்து வீட்டை வாங்கியவர்கள் முதல் வேலையாக உள்ளறையான அரங்கு உட்பட எல்லாவற்றுக்கும் பட்டி போட்டு லக்சுரி எமல்ஷன் அடிப்பதைப் பார்க்கிறேன். அடுத்த இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்குப் பட்டியோடு பெயர்ந்து விழும்.

புதுக் கட்டடத்துக்கு வேறொரு அவசரம். சிமென்ட் பூச்சு முடிந்து 28 நாளாவது நனைத்துக் காயவிட வேண்டும். புதுப் பூச்சின் காரத்தன்மை ஆயில் எனாமலைச் சோப்பாக்கிவிடும், ஈரமோ உப்பைக் கொண்டுவந்து வெள்ளையாகப் பூக்க வைக்கும். கடலோரத்தில் உப்புக் கிணற்றுத் தண்ணீரால் பூசியிருந்தால் இன்னும் மோசம். பூத்த உப்பை ஈரத்துணியால் துடைத்தால் மறுபடி உள்ளே போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துத் தள்ளி, மேலும் பூக்கிறதா என்று சில வாரம் பார்த்துவிட்டுத்தான் பிரைமர்.

எப்போது அடிப்பது என்பதில் மாவட்டமே கொஞ்சம் தவறான நாள் பார்க்கிறது. கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3ல் முடியும், அடுத்து கிறிஸ்துமஸ். இரண்டுக்கும் முன்னால் வீட்டை வெளுக்க வேண்டும் என்று நவம்பரில் பெயின்டர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அது ஐப்பசி, கார்த்திகை மழை. மேற்கே ஓணத்துக்கு அடிப்பவர்களுக்கும் ஆடி, ஆவணிச் சாரல் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் எந்தப் பெயின்டும் சரியாகக் காயாது, அதிலும் கிளாஸி முதலில் மங்கிப்போய் வெளுத்துக் காயும். தை பிறந்து மாசி முடியும் வரை உள்ள நாட்கள்தான் சுவர் நன்றாகக் காய்ந்திருக்கும் காலம். பண்டிகைக்கு அடித்தே ஆக வேண்டும் என்றால் உள்சுவர்களை மட்டும் மேட்டில் முடித்துவிட்டு, அடுக்களை செமி கிளாஸியையும் கிரில் எனாமலையும் வெளிச்சுவரையும் பொங்கலுக்குப் பிறகு தள்ளி வையுங்கள். பெயின்டர் கூலியும் அப்போது பேசிப் பார்க்கலாம்.

வேலை முடிந்த அன்று ஒவ்வொரு நிறத்திலும் அரை லிட்டராவது இறுக்கி மூடி வைத்துக்கொள்ளுங்கள். டின்னின் மேல் அறையின் பெயர், ஷேடு நம்பர், ஃபினிஷ், பேட்ச் நம்பர் நான்கையும் மார்க்கரால் எழுதிவிடுங்கள். ஒரே ஷேடு நம்பரானாலும் ஃபினிஷ் மாறினால் நிறம் வேறாகத் தெரியும்; மேட்டில் இளம்பச்சையாக இருப்பது கிளாஸியில் ஒரு படி அழுத்தமாக இருக்கும். இது தெரியாமல் கடையில் ஷேடு நம்பரை மட்டும் சொல்லி வாங்கி வந்துவிட்டு, மிக்சிங் மெஷினைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர்.